பிந்துவது இன்ஜினா, திரையா?



பழைய காரைப் புதுப்பிப்பவர்களும் பந்தயக் கார் கட்டுபவர்களும் கம்பெனி மாட்டி அனுப்பிய இசியுவைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது உண்டு. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சுவது, எந்த நொடியில் பிளக்கில் பொறி விழுவது என்று முடிவு செய்கிற பெட்டிதான் இசியு. அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், பின்னாளில் ஆர்டுயினோ மெகா போர்டை வைத்து எழுந்த ஸ்பீடுவினோ ஆகியவை இந்த ரகம். லேப்டாப்பில் ட்யூனர்ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்தால் சென்சார் அளவுகள் எல்லாம் முள்ளாக ஆடும்.

இதில் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று: "ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் உறுமிவிட்டது, திரையில் முள் பிறகுதான் எழுகிறது." உடனே பலர் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். காசு போகிறது, தாமதம் அப்படியே இருக்கிறது.

கைபேசியில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புரியும். பக்கத்து வீட்டில் "அவுட்" என்று கூச்சல் எழும். நம் கையில் பவுலர் அப்போதுதான் ஓடிவருவார். ஆட்டம் பிந்தவில்லை, நமக்கு வந்து சேர்வதுதான் பிந்துகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எல்லா அளவும் சேர்ந்து பிந்துகிறதா, ஒன்று மட்டும் பிந்துகிறதா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி மிதித்து விடுங்கள். அதை மென்பொருளின் லாக்கில் (அளவுகளின் பதிவில்) பதிவுசெய்துகொள்ளுங்கள். த்ராட்டில், ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம் எல்லாமே காதுக்குக் கேட்ட சத்தத்துக்குப் பின்னால் ஒன்றாக எழுந்தால், சென்சார்கள் மேல் பழி இல்லை. கோளாறு இசியுவுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கிறது.

115200 வேகத்தில் ஓடும் சீரியல் இணைப்பில் விநாடிக்கு 11,520 பைட் போகும். 120 பைட் கொண்ட ஒரு தொகுப்பு வந்து சேர ஏறக்குறைய 10 மில்லிவிநாடி. இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் எஃப்டிடிஐ சிப் உள்ள யுஎஸ்பி கேபிள், விண்டோஸில் வழக்கமாக 16 மில்லிவிநாடி வரை காத்திருந்துதான் தகவலைக் கைமாற்றும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய், லேட்டன்சி டைமரை 1 ஆக்கினால் முள் சுறுசுறுப்பாகும். ப்ளூடூத் வழியாக இணைத்திருந்தால் ஒருமுறை கேபிளில் போட்டுப் பாருங்கள். திரையில் தேவையில்லாத மீட்டர்களையும் குறைத்துப் பாருங்கள்.

இந்த வகைத் தாமதத்தால் இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. அளவுகள் ஒரே தொகுப்பாக வருவதால் லாக்கில் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒன்று மட்டும் பிந்தினால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஃபில்ட்டர். அளவு நடுங்காமல் இருக்க, இசியு புதிய அளவை முழுதாக ஏற்காமல், பழைய அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகரும். விநாடிக்கு 4 முறை படிக்கும் ஒரு வெப்ப சென்சாரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் பாதி தூரம் நகர்ந்தால் ஒரு விநாடியில் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். பத்தில் ஒரு பங்குதான் நகரும் என்றால் அதே இடத்துக்கு வர ஐந்தரை விநாடி ஆகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மெகாஸ்குவர்ட்டில் 100 என்றால் ஃபில்ட்டரே இல்லை. எண் குறையக் குறையத் தாமதம் கூடும். ஸ்பீடுவினோவில் நேர் எதிர், எண் ஏற ஏறத் தாமதம். ஒன்றுக்குச் சொன்ன எண்ணை மற்றதில் போட்டால் கதை கந்தல்தான்.

ஃபில்ட்டர் சரி என்றால் இசியுவுக்கு வெளியே, சென்சார் பக்கம் வாருங்கள். மேனிஃபோல்டு அழுத்தம் பிந்துகிறதா? ஹோஸ் எங்காவது மடிந்திருக்கிறதா, அளவுக்கு மீறி நீளமா என்று பாருங்கள். காற்றின் வெப்பம் பிந்துகிறதா? பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்ட சென்சார் மெதுவாகத்தான் உணரும். முனை திறந்திருப்பது சீக்கிரம் உணரும். புகையில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்க்கும் லாம்டா சென்சாருக்கோ, புகை குழாய் வழியே வந்து சேர்ந்தாக வேண்டும். ஐடிலில் அது இன்னும் மெதுவாக வரும். அந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுக்காமல், பெட்ரோல் அட்டவணையைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூனை ஓடவிட்டால், அட்டவணையின் ஒரு கட்டத்தில் நடந்த தவறுக்கு அடுத்த கட்டத்தின் எண்ணை மாற்றி வைத்துவிடும்.

பல வண்டிகளில் ஃபில்ட்டர் ஏற்றப்பட்டிருப்பது வயரிங் குறையை மூடத்தான். சென்சாரின் எர்த் வயரை பாடியில் எங்காவது முடுக்கியிருப்பார்கள், அளவு நடுங்கும், நடுக்கத்தை அடக்க ஃபில்ட்டரைக் கூட்டுவார்கள், அழுத்தம் பிந்தும், மிதித்ததும் பெட்ரோல் போதாமல் இன்ஜின் திக்கும், அதற்கு, மிதிக்கும்போது கூடுதலாகப் பீய்ச்சும் ஆக்ஸிலரேஷன் பெட்ரோலைக் கூட்டுவார்கள். எர்த்தை இசியுவின் சென்சார் எர்த்துக்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

எதைத் திருத்தினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றும் முன் பழைய ட்யூனை (இசியுவின் அமைப்புகளை) சேமித்துக்கொள்ளுங்கள். சோதனை ஓட்டத்தில் ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். லாக் பதிவாகிக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகு நிதானமாகப் படிக்கலாம்.