பெயரும் உரிமையும்



ஒருவரைப் பிறர் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது சிறு செய்தியன்று. இதனை நம்மினும் நன்கறிந்தவர் யார்? 'பறையர்', 'பஞ்சமர்' என அரசு ஏடுகளில் இருந்ததை 'ஆதி திராவிடர்' என மாற்றக் கோரி, 1922ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வென்றார் பெருந்தலைவர் எம்.சி. ராஜா.

கடலூரும் சிதம்பரமும் அடங்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்தும் நம்மவர் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்றனர். அங்கே 'கூலிகள்' எனப்பட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை 'நாடற்றவர்' ஆக்கிற்று. காட்டு மலையைத் தேயிலைத் தோட்டமாக்கியோரின் மக்களையே 'கள்ளத்தோணி' என்றும் ஏசினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. வந்தவர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டனர். இலங்கையிலே பிறந்து, இம்மண்ணை ஒருநாளும் கண்டறியாதார் எங்ஙனம் 'திரும்பியோர்' ஆவர்? ஊரார் வாயிலோ அவர்கள் 'சிலோன்காரர்'. அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர்!

1983க்குப் பின் கலவரத்துக்கும் போருக்கும் அஞ்சி வந்தோரை 'அகதிகள்' என்றோம். அவர்களுள்ளும் மலையகத் தமிழர் பலர் உளர். ஆனால் அகதி என்பதற்கு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் இடமில்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்'. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபின், பெற்றோருள் ஒருவர் அவ்வாறு கருதப்பட்டாலும் இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை. உயிர் தப்பப் படகேறியவர் கடவுச்சீட்டுப் பெற்றா வருவார்?

2021ஆம் ஆண்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. போற்றுகிறோம். ஆயினும் பெயர்ப்பலகை மாறியதனால் மட்டும் குடியுரிமை வந்துவிடவில்லை. நம் வரலாறும் இதையே சொல்கிறது: நல்ல பெயர் முதற்படி, உரிமையே வீடு.

யாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஒரு மாணவனைச் சிலர் 'அகதி' என்றே விளித்தனர். அவன் பெயரென்ன என வினவினோம். ஒருவனும் அறியான். அழைத்தவருள் நம் சமுதாயப் பிள்ளைகளும் இருந்தனர். அன்று தலைகுனிந்தோம்.

இளைஞர்களே! பிறர் இட்ட பெயரால் வடுப்பட்டவர் நாம். நம் நாவினால் பிறரை வடுப்படுத்தலாகாது. அவர்தம் பெயரைக் கேட்டு அழையுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதார்க்கு எழுதிக் கொடுங்கள். சங்கம் தந்த கல்விக்கு அதுவே கைம்மாறு.