இரத்தப் பரிசோதனையும் தீர்ப்பும்
(கமக்காரர் கூட்டமொன்றில் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். வெளிநாட்டு வேலைக்காக இரத்தம் கொடுத்திருந்தான். எச்.ஐ.வி. கிருமி உண்டென்று முதற் பரிசோதனை காட்டியதாம். தந்தைக்கு எழுதிய இறுதிக் கடிதம் அவன் சட்டைப் பையில் இருந்தது. உறுதிப்படுத்தும் பரிசோதனையோ கிருமி இல்லையென்றது. கடிதத்தை என் முன்னிலையிலேயே கிழித்தான்.

இப்பிழை எவ்வாறு நேர்கிறது? நோயுள்ள ஒருவரும் தப்பிவிடலாகாது என்னும் நோக்கோடு அமைந்தது முதற் பரிசோதனை. ஆகவே சிற்சில வேளை நிரபராதியையும் பிடித்துவிடும். இலங்கையில் வளர்ந்தோருள் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவானோரிடமே இக்கிருமி உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவருள் கிருமியுள்ளோர் 5 பேர். பரிசோதனை ஆயிரத்துக்கு 2 பேரைப் பிழையாகக் காட்டுவதென வைத்துக்கொள்ளுங்கள். வீணே அகப்படுவோர் ஏறத்தாழ 20 பேர்! முதற் பரிசோதனை வழக்குத் தாக்கலேயன்றித் தீர்ப்பு அன்று. இங்கு வந்திருக்கும் சட்டத்தரணிகள் இதனை நன்கறிவர்.

"இல்லை" என்ற முடிவையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும். விதைத்த மறுநாள் வயலைப் பார்த்து, விதைநெல் பழுதென்று சொல்லும் கமக்காரன் உண்டோ? கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகளையே இப்பரிசோதனைகள் பெரும்பாலும் தேடுகின்றன. அவை தோன்ற நாட் செல்லும். கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வுகூடப் பரிசோதனை 18 முதல் 45 நாட்களில் அதனைக் காட்டும். பிறபொருளெதிரியை மட்டும் தேடுவதற்கு 90 நாட்கள் வரையும் ஆகலாம். ஐயத்துக்குரிய நாளிலிருந்து எண்ணுங்கள். மறுவாரமே சோதித்துவிட்டுத் தப்பினேன் என்று மகிழ்ந்து வீடு செல்பவன், மனைவிக்கும் கேடு கொண்டு செல்லக்கூடும். 72 மணி நேரத்துக்குள் வருபவருக்கோ, கிருமி பற்றாது தடுக்கும் மருந்தே உண்டு.

சரி, உறுதியாகவே உண்டென்றால்? நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, கிருமி இரத்தத்திற் காணப்படாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே இருந்துவரின், உடலுறவால் அது பிறருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்டது. கருவுற்ற தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தமையாலன்றோ இது கைகூடிற்று? நமது பெண்கள் கை நீட்டினர். ஆண்களுக்கு மட்டும் ஊர்வாய்க்கு அச்சம்!

அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிற் பரிசோதனையும் மருந்தும் இலவசம். முடிவு இரகசியமாகவே காக்கப்படும். கூட்டம் முடிந்தபின் அந்த வேப்பமரத்தடியில் இருப்பேன். தனியே கேட்க விரும்புவோர் வரலாம்.