ஓடாத வண்டிக்காக ஐந்து எஞ்சின்கள்

மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1928ஆம் ஆண்டில். அதற்கு ஈராண்டு முன்னரே, ஐக்கிய அமெரிக்காவின் செசபீக்–ஒகாயோ புகையிரதக் கம்பனிக்கென ஐந்து பயணிகள் எஞ்சின்கள் உருவாகிவிட்டன.

இருபது ஆண்டுகள் உழைத்த அவற்றைக் கம்பனி கழித்துவிடவில்லை. 1946–47இல் தன் பட்டறையிலேயே பிரித்து, மீளக் கட்டியது. எஞ்சினின் பன்னிரண்டு சக்கரங்கள் பதினான்காயின. அச்சுகள் உருளைத் தாங்கிகளில் சுழன்றன. உருளைக்குள் நீராவியை விடும் வால்வுகளும் புதுமுறையில் அமைந்தன. நான்கு எஞ்சின்களுக்கு, காற்றெதிர்ப்பைக் குறைக்கும் துருப்பிடியா உருக்குப் போர்வையும், கீழ்ப்பகுதியில் செம்மஞ்சள் வண்ணமும் வாய்த்தன. ‘மஞ்சள் வயிறு’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கேலியெனினும் பொருத்தமான பெயரே.

இத்துணை ஒப்பனையும் எதற்காக? ‘செஸ்ஸி’ என்னும் பகல்நேரச் சொகுசு வண்டியின் இணைப்புச் சேவைகளுக்காக. அவ்வண்டியோ ஒரு நாளேனும் ஓடவில்லை. பயணிகள் மோட்டார் காரையும் விமானத்தையும் நாடினர். 1948இல் திட்டமே கைவிடப்பட்டது. எஞ்சின்கள் வேறு வண்டிகளைச் சில ஆண்டுகள் இழுத்தன. பின்னர் டீசல் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அந்த மாற்றம் இலங்கைக்கும் எட்டியது: 1954இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா அளித்த டீசல் எஞ்சின்கள் வந்திறங்கின.

மஞ்சள் வயிறுகளுள் 490ஆம் இலக்க எஞ்சின் மாத்திரம் எஞ்சியுள்ளது. பால்ற்றிமோர் நகரப் புகையிரத அரும்பொருளகத்தில் நிற்கின்றது.