செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் நூலகம்: பள்ளியில் தொடங்க வேண்டிய பழக்கம்

(கடம்பூரில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன் ஆறு ஆண்டுகள் உங்களைப் போலவே நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். கல்லூரி மாணவர்கள் இப்போது நூலகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசும்படி என்னை அழைத்தார்கள். கல்லூரிச் செய்தியைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். காரணம் அதிலேயே இருக்கிறது.

நாம் கூடியிருக்கும் இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டில் கடம்பூர் ஒன்றல்ல. ரயிலில் போளி வாங்கித் தின்ற எல்லாருக்கும் தெரிந்தது நம் கடம்பூர். சத்தியமங்கலத்துக்கு மேலே மலையில் ஒரு கடம்பூர் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கம் மேலக்கடம்பூர் இருக்கிறது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குச் சம்புவரையர் மாளிகை இருக்கும் கடம்பூர் நினைவுக்கு வரும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, இறுதியாண்டு வரலாறு படித்த மாணவி ஒருவர் நூலகத்துக்கு வந்தார். புத்தகம் எடுக்க வரவில்லை. நூலகத்துக்குப் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்க வந்தார். அட்டையைப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளில் ஒரு புத்தகம்கூட எடுத்திருக்கவில்லை. கையில் நாற்பது பக்கத்தில் புராஜெக்ட் வைத்திருந்தார். தலைப்பு, 'எங்கள் ஊர் கடம்பூரின் வரலாறு'. ஆவலோடு வாங்கிப் புரட்டினேன்.

முதல் அத்தியாயத்தில் கடம்பூர் அடர்ந்த காட்டுக்கு நடுவே இருந்தது. யானைகள் நடமாடின. இரண்டாம் அத்தியாயத்தில் சம்புவரையர்கள் ஆண்டார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் தீப்பெட்டித் தொழிலும் கரிசல் மண்ணும் வந்தன. மூன்று ஊர்களும் ஒரே ஊராகிவிட்டன!

"ஏம்மா, கடம்பூர்ல யானை வந்ததா உங்க தாத்தா சொல்லியிருக்காரா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். ஆனா ஏஐ சொல்லுச்சு" என்றார்.

கடைசிப் பக்கத்தில் துணைநூற்பட்டியல் இருந்தது. ஐந்து நூல்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. தேடிப் பார்த்தோம். அவற்றில் மூன்று நூல்கள் எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. அந்தப் பெயர்களில் யாரும் நூல் எழுதியதாகவே தெரியவில்லை.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வதன்று. 2023இல் நியூயார்க் நீதிமன்றத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை என்று பிறகு தெரிந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களே ஏமாந்த இடத்தில், இருபது வயதுப் பெண்ணை நாம் குற்றம் சொல்ல முடியாது.

ஏன் இப்படி நடக்கிறது? இந்தக் கருவி நூலகர் போல எழுந்து போய் அலமாரியில் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வதில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று அதைப் பழக்கியிருக்கிறார்கள். நூற்பட்டியல் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். ஆகவே நூற்பட்டியல் போன்ற ஒன்றை எழுதிக் கொடுத்துவிடும். இப்போது சில கருவிகள் இணையத்திலும் தேடிச் சொல்கின்றன. ஆனால் நம் ஊரைப் பற்றி இணையத்தில் இருப்பதே கொஞ்சம். இல்லாத இடத்தை, பெயர் ஒத்த வேறோர் ஊரைக் கொண்டு அது நிரப்பிவிடுகிறது. சென்னையைப் பற்றிக் கேட்டால் பிழை குறைவு. கடம்பூரைப் பற்றிக் கேட்டால் பிழை அதிகம். சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு நூலகம் கூடுதலாகத் தேவைப்படுவது இதனால்தான்.

அந்த மாணவிக்குக் கையெழுத்துப் போடாமல், "நாளைக்குக் காலையில வாம்மா, தேடிப் பார்ப்போம்" என்றேன். மறுநாள் வந்தார். நூலகக் கணினியில் தூத்துக்குடி என்று தட்டினார். கடம்பூர் பற்றி எதுவும் வரவில்லை. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986இல்தான் என்பதை நினைவூட்டினேன். அதற்கு முன் எழுதப்பட்டவை திருநெல்வேலி என்ற பெயரில்தான் இருக்கும். ஆங்கிலேயர் காலத்து நூலென்றால் 'டின்னவெல்லி' என்று எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். கோவில்பட்டியைக்கூடக் 'கோயில்பட்டி' என்றுதான் ஆங்கிலத்தில் எழுதினார்கள். அந்த எழுத்துக்கூட்டலில் தேடியதும் எச். ஆர். பேட் எழுதி 1917இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியர் கிடைத்தது. எங்களிடம் இருந்தது ஜெராக்ஸ் எடுத்துக் கட்டிய பிரதி.

கெஜட்டியரின் ஆங்கிலம் பழைய நடை. ஒரு பத்தியைப் படித்துவிட்டு மாணவி மலைத்து உட்கார்ந்தார். அப்போது நானே சொன்னேன்: "இப்ப போனை எடும்மா. இந்தப் பத்தியைப் படம் பிடிச்சு, தமிழ்ல விளக்கச் சொல்லு." நன்றாகவே விளக்கியது. ஓரிடத்தில் தவறினாலும், மூலப் பக்கம் கண்முன் இருந்ததால் அவரே கண்டுபிடித்துவிட்டார். அன்று எனக்கு ஒன்று விளங்கியது. பக்கம் கையில் இருக்கும்போது இந்தக் கருவி நல்ல துணை. பக்கமே இல்லாதபோது அதை நம்பி இறங்கக்கூடாது.

மாணவர்கள் நூலகத்துக்கே வருவதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை அது சரியன்று. நிறையப் பேர் வருகிறார்கள். அமைதியான இடம், மின்விசிறி, மேசை, போனுக்குச் சார்ஜ் போட ஒரு பிளக் ஆகியவற்றுக்காக வருகிறார்கள். ஒற்றை அறை வீட்டில் படிக்க முடியாத பிள்ளைக்கு இவை சிறிய உதவிகள் அல்ல. குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள் எங்களிடம் அதிகம் கேட்டு வாங்கியது எது தெரியுமா? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல்கள். நீங்கள் நடத்தும் அதே நூல்கள்தான்!

ஆனால் அலமாரிப் பக்கம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மேசைக்கும் அலமாரிக்கும் இடையே பத்தடி தூரம்தான். அதைக் கடந்தால்தான் தேடிய நூலுக்குப் பக்கத்தில் தேடாத நூல் கண்ணில் படும். நம் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு 1982இல் ஓர் அகராதி தொகுத்தார். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அமர்த்தியது. அந்த அகராதியை அந்த மாணவி தற்செயலாகத்தான் பார்த்தார். புரட்டிக்கொண்டே வந்தவர், "எங்க ஆச்சி பேசுறதெல்லாம் புக்குல இருக்கு சார்" என்றார்.

அந்த உற்சாகத்தில்தான் நான் அவரிடம் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். "இவ்வளவு ஆசை இருக்கே, மூணு வருஷமா ஏன் ஒரு புத்தகம்கூட எடுக்கலே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எடுக்கலாம்னு தெரியாது சார். ஸ்கூல்லயும் பீரோ இருந்துச்சு. பூட்டியே இருக்கும். கண்ணாடி வழியா பார்த்திருக்கேன். இங்கயும் அப்படித்தான்னு நெனச்சேன்."

ஆசிரியர்களே, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது நான் வேலை பார்த்த பள்ளி அன்று. ஆனாலும் என் பள்ளியிலும் அப்படி ஒரு பீரோ இருந்தது. சாவி ஆறு ஆண்டுகள் என் மேசை டிராயரில் இருந்தது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் கேட்பார்கள், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். ஆண்டுக்கொரு முறை திறந்து, தூசி தட்டி, எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் பூட்டினேன். ஒரு புத்தகமும் தொலையவில்லை என்று பெருமைகூடப் பட்டிருக்கிறேன். ஆறு ஆண்டுகளில் என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று எனக்கே தெரியாது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனை இந்திய நூலகவியலின் தந்தை என்கிறோம். அவரும் முதலில் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகவியலுக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. நூல்கள் பயன்படுத்துவதற்காகவே உள்ளன என்பது முதல் விதி. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். பூட்டிய பீரோவும் அந்தச் சங்கிலிக்கு உறவுதான். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது, ஆண்டு 1948. வீட்டு வரியோடு இன்றும் நூலக வரி கட்டுகிறோம். தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கும் குடும்பமும் கட்டுகிறது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை நூலகத்துக்குள் தயங்காமல் நுழைய வேண்டாமா?

நாம் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். புதிதாக நிதி எதுவும் தேவையில்லை.

முதலாவது, பீரோவைத் திறந்து வையுங்கள். யார் எதை எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு போதும். அந்தப் பொறுப்பை இரண்டு மாணவர்களிடம் கொடுங்கள். நைந்துபோன புத்தகம் வேலை செய்த புத்தகம். தலைமையாசிரியர்களும் ஆய்வுக்கு வரும் அலுவலர்களும் அதை அப்படியே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஒரு பாடவேளையில் புத்தகத்தைத் திறக்கச் சொல்லிக்கொடுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, எத்தனையாவது பதிப்பு, பொருளடக்கம் எங்கே, கடைசியில் சொல்லடைவு இருக்கிறதா என்று நான்காம் வகுப்புப் பிள்ளையும் பார்த்துச் சொல்லிவிடும்.

மூன்றாவது, செயல்திட்டம் கொடுக்கும்போது ஒரு நூலின் பெயரும் பக்க எண்ணும் கேளுங்கள். மேல்வகுப்பு மாணவர்கள் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். மறைக்க வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக இலவசமாகப் படிக்கலாம். அதுவும் நூலகம்தான்.

நான்காவது, உங்கள் ஊரைப் பற்றி அந்தக் கருவியிடம் நீங்களே கேட்டு, விடையைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். சிறு பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்க வேண்டாம். எது சரி, எது பிழை என்று வீட்டில் பெரியவர்களிடமும் புத்தகத்திலும் விசாரித்து வரச் சொல்லுங்கள். தவறு கண்டுபிடிப்பதென்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டமே ஆராய்ச்சியின் தொடக்கம்.

ஐந்தாவது, அருகிலுள்ள கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ ஒருமுறை அழைத்துச் சென்று உறுப்பினராக்கி விடுங்கள். ஒருமுறை நுழைந்த பிள்ளை மறுமுறை தானே போகும்.

அந்த மாணவி துறையில் கேட்டு ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். புராஜெக்டைத் திருத்தி எழுதினார். நாற்பது பக்கம் இருபத்திரண்டு ஆனது. யானைகளும் சம்புவரையரும் போய்விட்டார்கள். ஆச்சியிடம் கேட்டு எழுதிய தீப்பெட்டி ஒட்டும் கதை வந்தது. ஊர்ப் பெயருக்குக் காரணம் என்ன என்ற தலைப்பின் கீழ், "உறுதியான சான்று எனக்குக் கிடைக்கவில்லை" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார். நாற்பது பக்கத்தில் இல்லாத நேர்மை அந்த ஒரு வரியில் இருந்தது. பாக்கி இல்லை என்ற தாளில் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டேன்.

எனக்குத்தான் பாக்கி இருக்கிறது. பூட்டி வைத்த ஆறு ஆண்டுகளை என்னால் திருப்பித் தர முடியாது. உங்கள் பள்ளிப் பீரோவின் சாவி எங்கே இருக்கிறது என்று நாளை காலை ஒருமுறை பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.