வைத்தியத்திற்கு நன்னடத்தைச் சீட்டா?

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)

ஆலையில் பாடுபடும் உங்களிடம் போதை ஊசியைப் பற்றியும் எச்.ஐ.வி.யைப் பற்றியும் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் இன்று தமிழ்நாட்டு வாலிபர்களிடமும் புகுந்துவிட்டது. ஓர் ஊசியை நால்வர் பங்குபோட்டால், ஒருவர் இரத்தத்திலுள்ள கிருமி மற்ற மூவருக்கும் போக வழியாகிறது. மணிப்பூரில் இந்நோய் பெரிதும் இவ்வழியேதான் பரவிற்று. ஆகவே பேசுகிறோம்.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் நிர்மலாவும் இக்கிருமி இந்தியாவில் இருப்பதை முதன்முதல் கண்டறிந்தபோது இதற்கு மருந்தே இல்லை. இன்று இருக்கிறது. 2004 ஏப்ரல் 1 முதல் சர்க்கார் அதை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளில் தாம்பரமும் ஒன்று. நோய் முற்றட்டும் என்று காத்திராமல், கிருமி கண்ட எவருக்கும் மருந்து தரவேண்டும் என்பது 2017 முதல் விதி. தினமும் தவறாமல் சாப்பிட்டால் கிருமி சோதனைக்கு அகப்படாத அளவுக்கு அடங்கும். அப்படி அடங்கியவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை.

மருந்து இருக்கிறது, காசும் வேண்டாம். பின் தடுப்பது எது? "போதைக்காரனுக்கு மருந்து எதற்கு? முதலில் பழக்கத்தை விட்டுவிட்டு வரட்டும்" என்கிற பேச்சுத்தான். இது வைத்தியமா, பாவ புண்ணியக் கணக்கா? குடித்து ஈரல் கெட்ட பெரிய மனிதரிடம் யாராவது நன்னடத்தைச் சீட்டு கேட்கிறார்களா? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் "தலைவிதி" என்று கைகழுவுவது எந்த நியாயம்? கிருமிக்கு யோக்கியன், அயோக்கியன் தெரியாது.

"அவன் ஒழுங்காக மாத்திரை சாப்பிடமாட்டான்" என்பது இன்னொரு சாக்கு. அபினி இனத்துப் போதைக்கு அடிமையானவருக்கு, நாவின் கீழ் வைக்கும் பூப்ரெனார்பின் மாத்திரையை வைத்தியர் மேற்பார்வையில் தினமும் கொடுத்தால் ஊசியின் தேவை குறைகிறது. அதே இடத்தில் எச்.ஐ.வி. மருந்தையும் கொடுத்தால் இரண்டும் ஒழுங்காக நடக்கும். நோய் பரவாதிருக்கச் சுத்தமான ஊசி கொடுப்பது குற்றமல்ல என்று 2017-ம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டமே சொல்லுகிறது. கிருமி இருப்பதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் அச்சட்டம் தடுக்கிறது. ஆனால் போலீசுக்கும் ஊர்ப் பேச்சுக்கும் பயந்து ஒளிகிறவன் ஆஸ்பத்திரி வாசலை எப்படி மிதிப்பான்?

போதை நல்லது என்று நாம் சொல்லவில்லை. அதுவும் ஓர் அடிமைத்தனந்தான். ஆனால் உயிரோடிருப்பவன்தான் பழக்கத்தை விடமுடியும். செத்தவன் எதை விடுவான்?

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் துரத்தாதீர்கள். பரிசோதனைக்குக் கூட அழைத்துப் போங்கள். விவரம் கேட்க 1097 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது. வெறுப்பினால் எந்த நோயும் தீர்ந்ததில்லை. மருந்தினால்தான் தீரும், அடங்கும்.