ஒத்துவராத ரீடிங்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இன்ஜினியரை மேடையேற்றினால் கம்பெனிக் கதைதான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஒரு கல்லின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். அண்டார்டிகாவில் கிடைத்த விண்கல் அது.

"விண்கல் தேட அவ்வளவு தூரம் ஏன் சார் போகணும்?" என்று கேட்பீர்கள். விண்கல் எங்கேயும்தான் விழுகிறது. நம்ம ஊரில் விழுந்தால் ஆயிரம் கல்லோடு ஆயிரத்தொன்று. மழையில் சிதைந்தும் போகும். அங்கேயோ பனியில் புதைந்த கல்லைப் பனிப்பாளமே மெல்ல மெல்லச் சுமந்து போகிறது. மலை குறுக்கிடும் இடத்தில் பனி தேங்குகிறது. காற்று மேற்பனியைத் தேய்த்துவிட, கல் தானாக வெளியே வந்துவிடுகிறது.

1984 டிசம்பர் 27 அன்று ஆலன் ஹில்ஸ் பகுதியில், ராபர்ட்டா ஸ்கோர் என்ற அம்மையார் கண்ணில் அப்படி ஒரு கல் பட்டது. எடை சுமார் 1.9 கிலோ. இடத்தையும் ஆண்டையும் சேர்த்து 'ஏ.எல்.எச். 84001' என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்து, அது என்ன வகை என்று பார்க்கவேண்டும். கல்லில் ஒரு சீவலை வெட்டி 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்தால் வெளிச்சம் ஊடுருவும். அதை மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். கடுகு கடுகாக உருண்டைகள் தெரிந்தால் பெரும்பாலும் 'காண்ட்ரைட்'. இதில் உருண்டையே இல்லை. அப்படியானால் ஒருகாலத்தில் உருகி இறுகிய பாறை. ஏறக்குறைய முழுவதும் ஆர்த்தோபைராக்ஸீன் என்ற ஒரே தாது. அதனால் 'டயோஜனைட்' என்று லேபிள் ஒட்டினார்கள். வெஸ்டா என்ற சிறுகோளிலிருந்து வருவதாகக் கருதப்படும் வகை அது. பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பிறகு டேவிட் மிட்டில்ஃபெல்ட் என்ற விஞ்ஞானி டயோஜனைட்டுகளை எலெக்ட்ரான் மைக்ரோபுரோபில் ஆராய்ந்தார். இந்த ஒரு கல்லின் கணக்கு மட்டும் இடித்தது. குரோமைட் தாதுவில் ஃபெர்ரிக் இரும்பு அதிகம். சல்ஃபைடோ பைரைட், டயோஜனைட்டில் அது இருக்கக்கூடாது. ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைத்த இடத்தில் பிறந்த கல் என்று அர்த்தம். 1993-ல் விடை கிடைத்தது: இது செவ்வாய் கிரகத்துக் கல்! ஆக்ஸிஜன் ஐசோடோப் சோதனையும் அதையே உறுதி செய்தது.

1996-ல் இதில் உயிரின் தடயம் இருக்கலாம் என்று அறிவித்து உலகமே அமளிப்பட்டது. பெரும்பாலான விஞ்ஞானிகள் இன்று அதை ஏற்பதில்லை. ஆனால் செவ்வாய்க் கல் என்பது நிலைத்துவிட்டது. வயது சுமார் 409 கோடி ஆண்டு!

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் ஆண்டு டென்சைல் டெஸ்டில் எங்கள் ரீடிங் ஒத்துவரவில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். (சிரிக்கும் தோழர்களே, நீங்களும் கூட்டுதான்!) வேலைக்குப் போனபின் ஒருநாள், ஒரு கம்பியின் ஹார்ட்னெஸ் குறைவாகக் காட்டியது. மிஷினில்தான் கோளாறு என்று நினைத்து, லேபிளை நம்பி 'ஓகே' போட்டேன். மூன்றாம் வாரம் அதில் செய்த ஷாஃப்ட் ஓட்டத்திலேயே முறிந்தது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார். லேபிள் மாறிப்போயிருந்தது. அன்றிரவு எனக்கு அந்த ரெக்கார்ட் நோட்டுதான் ஞாபகம் வந்தது.

தம்பி தங்கைகளே, ஒத்துவராத ரீடிங்கை அழிக்காதீர்கள். பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, வாத்தியாரிடம் காட்டுங்கள். திட்டு விழலாம், பரவாயில்லை. ஒன்பது வருஷம் தவறான பெயரில் கிடந்த கல்லுக்கு அதன் சொந்த ஊரைக் காட்டிக்கொடுத்ததும் ஒத்துவராத ரீடிங்தான்.