விண்ணில் ஒரு கல்விக்கொடை
(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)



ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு வகைப்படும் என்பது இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்த நெறி. அவற்றுள் சாத்திர தானத்தின் வழிநின்றே நம் அறக்கட்டளை ஆண்டுதோறும் கல்வி உதவித்தொகை வழங்கி வருகிறது. இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று எங்கள் குழுவை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் குத்தகை நிலம் உழும் குடும்பத்தில் பிறந்த மாணவி ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்று நன்கு தேறியவர், விமானியாக விரும்புகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்னரும் இத்தகைய விண்ணப்பம் ஒன்று வந்தது. அந்த இளைஞருக்கு முதல் தவணையை மட்டும் கொடுத்து, எஞ்சியது எப்படியேனும் கிடைத்துவிடும் என்று வாழ்த்தி அனுப்பினோம். கிடைக்கவில்லை. பயிற்சி பாதியில் நின்றது. கடன் மட்டும் வீட்டுக்கு வந்தது. அந்த முடிவில் கையொப்பமிட்டவர்களுள் நானும் ஒருவன். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வழிகாணல், வானிலையியல், வான்வழி விதிகள் முதலியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. மருத்துவத் தகுதியும் வேண்டும். செலவு ஏறத்தாழ அரைக் கோடி ரூபாய். சில இடங்களில் அதற்கும் மேல். அடமானம் வைக்க நிலமில்லாத குடும்பத்துக்கு இவ்வளவு பெரிய வங்கிக் கடன் எட்டாது. பட்டப்படிப்பை இடையில் நிறுத்தியவர் ஓராண்டு கழித்துத் தொடரலாம். பறக்கும் பயிற்சியோ இடைவெளி விழுந்தால் கைப்பழக்கம் மங்கும், பறந்த பாடங்களையே மீண்டும் பறக்க நேரும், செலவும் பெருகும். ஆகவே இங்கே அரைகுறை உதவி உதவியாகாது.

அகிம்சையைப் போற்றும் நமக்கு விமானத் தொழில் தகுமா என்று பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. நம் முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை; அது துறவறத்தின் நெறி. இல்லறத்தார்க்குத் தத்துவார்த்த சூத்திரம் காட்டும் வழி ஒன்றுண்டு. இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து அந்நூல் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அதனோடு பிணைத்தே கூறுகிறது. விமானியின் கல்வி முழுவதும் அவ்விழிப்பின்மையை வெல்லும் கல்வியே. ஆயிரமாயிரம் மணி நேரம் பறந்தவரும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்புப் பட்டியலைப் படித்த பின்னரே புறப்படுகிறார். பணிக்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொடக்கூடாது என்பது நம் நாட்டு விதி. பின்னிருக்கும் நூற்றுக்கணக்கான உயிர்கள் அச்சமின்றி உறங்குவது அவருடைய விழிப்பை நம்பித்தான். அபய தானத்தின் சாயல் அதில் இல்லையா?

ஒருவருக்குத் தரும் தொகையில் நூறு பேரைப் படிக்க வைக்கலாமே என்பது மற்றொரு வினா. நூறு பேரின் பங்கிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது என்பதே என் விடை. இதற்கென்று தனி நிதி வேண்டும். முதலில் மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் நாம் செலவிடுவோம். அதில் தகுதி பெறாவிடில், பெருஞ்செலவுக்கு முன்பே அம்மாணவியை வேறு துறைக்கு வழிப்படுத்தலாம். தகுதி பெற்றால், எழுத்துத் தேர்வுகளில் அவர் தேறும் வரை நிதியைத் திரட்டுவோம். முழுத்தொகையும் சேர்ந்த பின்னரே பறக்கும் பயிற்சி தொடங்க வேண்டும். பறந்த மணிக் கணக்குப்படி பயிற்சி நிலையத்துக்கே நேரில் செலுத்த வேண்டும். பணியில் அமர்ந்தபின் அவர் வட்டியின்றித் திருப்பித் தருவது அடுத்த மாணவருக்குரியது. உரிமம் பெற்றவுடன் வேலை உறுதி என்று எவரும் கூற முடியாது. ஆதலால் கால வரம்பு விதித்து அவரை நெருக்குதல் கூடாது.

சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் திருவரங்கத்தில் வான்வழி இயங்கும் சாரணரைக் கண்டு தொழுதனர். அவர்களது ஆற்றல் தவத்தால் வந்தது. இம்மாணவி வேண்டும் ஆற்றல் கல்வியால் வருவது. பெண்பாலார் கற்பதும் கற்பிப்பதும் நமக்குப் புதிதன்று. குரத்தியர் என்னும் ஆசிரியைகளின் பெயர்களைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. விண்ணில் பறக்கும் உரிமத்தைச் சரளா துக்ரால் என்னும் இந்தியப் பெண்மணி 1936ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டார்.

மிகுபொருள் விரும்பாமை நம் அணுவிரதங்களுள் ஒன்று. இவ்வாண்டு ஊர்வல அலங்காரத்தில் சிறிது குறைத்துக்கொண்டு, அதனை இந்நிதியின் முதல் வரவாக வைக்குமாறு நிர்வாகிகளை வேண்டுகிறேன். ஒரு முறை பாதி வழியில் கைவிட்டோம். இம்முறை தொடங்கினால் முடிப்போம். முடிக்க இயலாதெனில் அம்மாணவியிடம் இன்றே உண்மையைச் சொல்வோம். அதுவும் அறமே.

ஜெய் ஜினேந்திரா.